செபம் வராத நாட்களில்

2009இல் முள்ளிவாய்க்காலில் அண்ணாவைப் பறிகொடுத்துவிட்டு முகாமுக்கு வந்த பிறகு எனக்குச் செபமே வரவில்லை, வாயைத் திறந்தால் அழுகைதான். பக்கத்துக் கூடாரத்து அன்ரி சொன்னா, "பிள்ளை, கோபத்தையும் அவரிட்டயே சொல்லு, திருப்பாடல் 13ஐ எடுத்து வாசி." அது 'எத்தனை காலம்' என்ற முறைப்பாட்டோடுதான் தொடங்குகிறது. அண்ணாவின் பெயரையும் சேர்த்து இரவில் அதையே சத்தமாகச் சொன்னேன். கடவுளிடம் இப்படிக் கேட்க வேதத்திலேயே இடமிருக்கிறது என்பது பெரிய ஆறுதல். அதுவும் முடியாத நாட்களில் மற்றவர்கள் செபமாலை சொல்லப் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மன்னாரில் இருக்கிற மடுத் திருத்தலத்திலிருந்து மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்களைப் போல அவவும் இடம்பெயர்ந்தவ என்று நினைத்தபோதுதான் அவவோடு திரும்பவும் கதைக்க முடிந்தது. செபம் வராதவர்கள் அந்தத் திருப்பாடலை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், முடிந்தால் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு.