பியர் மார்க்கெட் போகிறீர்களா? உண்ணி கடிக்காமலிருக்க முதலில் சாக்ஸை மேலே இழுத்துவிடுங்கள்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கம் குடிவந்தவர்களை, பழகியவர்கள் முதலில் அனுப்பி வைக்கும் இடம் பியர் மார்க்கெட் (Pere Marquette) ஸ்டேட் பார்க். இல்லினாய் ஆற்றங்கரையில் சுமார் 8,000 ஏக்கர் காடு. நுழைவுக் கட்டணம் இல்லை. 1930-களில் கல்லும் மரமுமாகக் கட்டிய லாட்ஜில் தங்கலாம், கூடாரமும் அடிக்கலாம். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை கழுகு சீசன். அப்போது சனி, ஞாயிறு தங்க வேண்டுமென்றால் அறையை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

வடக்கே ஆறு உறைந்ததும் வெண்தலைக் கழுகுகள் மீன் தேடி இங்கே இறங்கும். காலையிலேயே கிளம்பி, ஆற்றோர மரங்களின் உச்சியைப் பாருங்கள். உடம்பு முழுக்கப் பழுப்பாக இருந்தாலும் கழுகாக இருக்கலாம், தலை வெளுக்க ஐந்து வயது ஆகும். பக்கத்தில் கிராஃப்டனில் இல்லினாய் ஆறு மிசிசிப்பியோடு சேருகிறது. முதல் தடவை அங்கே நின்றபோது பவானி கூடுதுறை ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை.

சரி, கோடையில் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் மாப்பிள்ளை, தங்கச்சி வீட்டுக்காரர், ஜூன் மாதம் அரைக்கால் சட்டையும் செருப்புமாகப் புல்லுக்குள் நடந்தார். இரண்டு நாள் கழித்து முழங்காலுக்குப் பின்னால் ஒரு உண்ணி. ஊரில் மாட்டிலிருந்து பிடுங்குகிற மாதிரி நசுக்கிப் பிடுங்கிப் போட்டுவிட்டார். செப்டம்பரில் ஒரு ராத்திரி மட்டன் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தவருக்கு நடுநிசியில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல். முதலில் பார்த்த மருத்துவர் உணவு கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவை வந்த பிறகுதான் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஆல்பா-கேல் ஒவ்வாமை! லோன் ஸ்டார் என்கிற உண்ணி கடித்தால் சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போகிறது. சாப்பிட்டு இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்து வருவதால் காரணம் பிடிபடுவதில்லை. இதை எங்களுக்கு ஒருவர்கூட முன்னால் சொல்லவில்லை என்பதில் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது.

அதனால் முழுக்கால் சட்டை போட்டு, அதை சாக்ஸுக்குள் செருகுங்கள். பாதையின் நடுவிலேயே நடங்கள். டீட் (DEET) உள்ள பூச்சி விரட்டியைத் தோலில் தடவுங்கள், பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லியைத் துணியில் மட்டும் அடியுங்கள். திரும்பியதும் துணியை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அப்புறம் குளிக்கும்போது காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். குழந்தைகளுக்கு நீங்களே பாருங்கள், குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கடித்திருந்தால் தீக்குச்சி, மண்ணெண்ணெய் வைத்தியமெல்லாம் வேண்டாம். கூர்முனை ட்வீஸரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். பின்னால் எது வந்தாலும் மருத்துவரிடம் உண்ணிக்கடியை முதலில் சொல்லுங்கள்.

கோழியும் மீனும் மாப்பிள்ளைக்கு ஒன்றும் செய்வதில்லை. போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்குமே கோழிக் குழம்புதான்.