கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்துக்கிட்டு செய்திய எப்படி படிக்கிறது: நம்புறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

"எல்லா பேப்பரும் பொய்தான்லா, யாரு காசு குடுக்குறானோ அவனுக்கு எழுதுறானுங்க"ன்னு செந்தூல் பக்கம் எந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்தாலும் கேக்கலாம், சொல்றவரே அடுத்த நிமிஷம் யாரு பேசுறான்னே தெரியாத ஒரு வாட்சப் ஆடியோவ பத்து குரூப்புக்கு தட்டி விடுவாரு. இது எனக்கு உண்மையிலயே கவலையா இருக்கு. பேப்பர மொத்தமா நம்புறதும் தப்பு, மொத்தமா தள்ளுறதும் தப்பு, ஒவ்வொரு செய்தியா எடுத்து பாக்கணும்.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணும் படிக்கத் தெரியும். அத பயன்படுத்துங்க. 2025 மார்ச்ல மஸ்ஜிட் இந்தியா பக்கம் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில இடம் மாத்துற விவகாரம் வந்துச்சுல்ல, அத எடுத்துக்குங்க. மூணு மொழியிலயும் ஒவ்வொரு செய்திய தேடி எடுத்து பக்கத்து பக்கத்துல வச்சு, முதல் பத்தியில என்ன இருக்கு, கடைசியில என்ன கெடக்குன்னு பாருங்க. கோயிலுக்கு 130 வருஷம்னு ஆரம்பிக்கிற செய்தி ஒரு மாதிரி மனச கெளப்பும், 2014லயே டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) அந்த நிலத்த தனியார் கம்பெனிக்கு வித்துருச்சுன்னு ஆரம்பிக்கிறது வேற மாதிரி. ரெண்டுலயும் பொய் இல்ல, ஆனா எத முன்னாடி வைக்கிறாங்கங்கறதுலதான் சாய்வு இருக்கு. அப்புறம் யாரு யாரு பேசியிருக்காங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க: கோயில் நிர்வாகம், கம்பெனி, டிபிகேஎல், வக்கீல். யாரோட பேச்சு ஒரு வரி கூட இல்லையோ அந்த செய்தி அரைகுறை. மூணுலயும் ஒத்து வர்றத மட்டும் இப்போதைக்கு நம்பலாம், மிச்சத்த நிறுத்தி வைங்க.

அடுத்து முதலாளி யாருன்னு பாருங்க. தி ஸ்டார் இங்கிலீஷ் பேப்பர்ல பெரிய பங்கு மசீசங்கிற மலேசிய சீனர் சங்கக் கட்சி கையில, ஆர்டிஎம் டிவியும் ரேடியோவும் அரசாங்கத்தோடது. 1924ல ஆரம்பிச்சு 2019ல நின்னு போன தமிழ் நேசன் ரொம்ப காலம் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி) தலைவரா இருந்த சாமிவேலு குடும்பத்து கையில இருந்துச்சு, அதனால மஇகா உட்கட்சி சண்டை சூடா இருக்குறப்ப எங்க வீட்டு பெரியவங்க ரெண்டு பேப்பர் வாங்குவாங்க, ஒண்ணுல இல்லாதது இன்னொண்ணுல இருக்கும்னு. நல்ல பழக்கம் அது. முதலாளிக்கு சம்பந்தமில்லாத மழை, விபத்து, கோர்ட்டு தீர்ப்பு மாதிரி செய்திக்கெல்லாம் இவ்ளோ யோசிக்க வேணாம்.

எழுதாம விட்டதுக்கெல்லாம் காரணம் சாய்வுன்னு நெனச்சிராதீங்க, பயமும் இருக்கு. 1984 அச்சகச் சட்டப்படி பேப்பர் நடத்த உள்துறை அமைச்சோட பெர்மிட் வேணும், வருஷா வருஷம் புதுப்பிக்கிறத 2012ல எடுத்துட்டாங்க, ஆனா பெர்மிட் இன்னும் இருக்கு. 1987ல ஓப்ஸ் லாலாங்ங்கிற போலீஸ் கைது வேட்டையப்ப தி ஸ்டார், சின் சியூ, வாத்தான் மூணு பேப்பரையும் நிறுத்தி வச்சாங்க, 2015ல 1எம்டிபிங்கிற அரசாங்க முதலீட்டு நிறுவனத்து ஊழல பத்தி எழுதுன தி எட்ஜ் பேப்பருக்கு மூணு மாச தடை போட்டாங்க, அந்த தடைய பிறகு கோர்ட்டு ரத்து பண்ணுச்சு. ஆன்லைனுக்கு பெர்மிட் வேணாம்னாலும் 2021ல வாசகருங்க போட்ட கமெண்டுக்காக மலேசியாகினி செய்தி தளத்துக்கு கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் போட்டுச்சு, சில மணி நேரத்துலயே ஜனங்க அந்த காச கட்டிக் குடுத்தாங்க. அதனால ஒரு விஷயத்த உள்ளூர் பேப்பர் பட்டும் படாம எழுதியிருந்தா, வெளிநாட்டு செய்தி நிறுவனம் என்ன எழுதியிருக்குன்னும் ஒரு தடவ பாத்துருங்க.

வாட்சப்ல வந்தா அனுப்புறதுக்கு முன்னாடி தேதி, இடம், சொன்னவரு பேரு மூணும் இருக்கான்னு பாருங்க, ஒண்ணு இல்லன்னாலும் அனுப்பாதீங்க. போட்டோவ கூகுள் லென்ஸ்ல போட்டா பழசா வேற நாட்டோடதான்னு பெரும்பாலும் தெரிஞ்சிரும். உண்மையான்னு பாக்குறதுக்குன்னே இருக்குற அரசாங்க தளங்கள், அதாவது அரசாங்க செய்தி நிறுவனம் பெர்னாமாவோட மைசெக், தொடர்புத் துறை ஆணையம் எம்சிஎம்சி 2017ல ஆரம்பிச்ச செபெனார்ஞா ரெண்டுலயும் தேடலாம், ஆனா புகார் அரசாங்கத்து மேலயேன்னா அரசாங்க தளம் மறுக்குறத மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது, அங்கயும் ரெண்டாவது ஆளு வேணும்.

தப்பா எழுதியிருந்தா பேஸ்புக்ல திட்டிட்டு விட்டுறாதீங்க, ஆசிரியருக்கு இமெயில் போடுங்க: எந்த தேதி, எந்த பக்கம், எந்த வரி, சரியானது எது, அதுக்கு என்ன ஆதாரம். அஞ்சாறு வரி போதும், கோவத்த எல்லாம் வெளிய வச்சிருங்க. பதில் இல்லன்னா ரெண்டு வாரம் கழிச்சு அதையே திரும்ப அனுப்பி, ஒரு காப்பி எடுத்து வைங்க, ஏன்னா 2025ல நிறைவேறுன சட்டத்துல வந்த மலேசிய ஊடக மன்றத்துக்கு புகாரா போகணும்னா முதல்ல பேப்பர்கிட்ட கேட்டதுக்கு உங்க கையில எழுத்துல ஏதாச்சும் இருக்குறது நல்லது.