சயாமுக்குப் போன அப்புச்சி: துப்பறியும் கதை சறுக்கும் இடங்கள்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. பரணில் தகரப் பெட்டி. அதற்குள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) 1943-ல் மலாயாவிலிருந்து எழுதிய கடிதம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் போர்க்கைதிகளையும் மலாயாத் தோட்டத் தமிழர்களையும் கொண்டுபோய், சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட பாதைதான் சயாம் மரண ரயில். அதை வைத்து எழுதிய கதை ஒன்றை இப்படித் தொடங்கி என்னிடம் கொடுத்தார் ஒரு தம்பி. முதல் பக்கத்திலேயே கதை கவிழ்ந்துவிட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததோடு மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இருந்த தபால் நின்றுபோனது. தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள்) சேதி வர வேண்டுமென்றால், போர் முடிந்து, கப்பல் ஓடி, ஆளே வந்து சொன்னால்தான் உண்டு. அப்படி வந்தவரை சாட்சியாக்குங்கள். அவர் யாரிடம் சொன்னார், கேட்டவர் ஏன் வாயைத் திறக்கவில்லை? கடிதத்தைவிட இது நல்ல முடிச்சு.

பெட்டியில் எதையாவது வைத்தே ஆக வேண்டுமா? ஜப்பான்காரன் அடித்த பத்து டாலர் நோட்டை வையுங்கள். வாழைமரப் படம் போட்டது, போர் முடிந்ததும் செல்லாக்காசு. ஆனால் நோட்டின் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். பல நோட்டுகளில் எண்ணே கிடையாது, எழுத்து மட்டும்தான்.

அப்புறம் அந்த ரயில் பாதையில் வரும் குவாய் ஆற்றுப் பாலம். எல்லாரையும் அங்கேயே கொண்டுபோய்ச் சாகடிக்கிறார்கள். பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1943 மழைக்காலத்தில் காலரா வந்து, காட்டு முகாம்களில்தான் ஆட்கள் கொத்துக்கொத்தாகப் போனார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் அப்புச்சியின் பெயர் பொறித்த கல்லைப் பேரன் தடவி அழுவதும் வேண்டாம். அங்கே இருக்கும் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் நேசநாட்டுப் போர்க்கைதிகளுடையவை. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை.

வயதையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 1943-ல் 25 வயதான கங்காணிக்கு (தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர்), தம்பியின் கதை நடக்கும் 2024-ல் 106. அவர் மாடிப்படி ஏறி ஓடித் தப்பிக்கிறார்!

அந்தக் கங்காணியையே குற்றவாளியாக்கிக் கதையை முடிப்பதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். ரயில் வேலைக்கு அனுப்பும் ஆட்களின் பட்டியலில் பேர் கொடுத்தவர் அவராகவே இருக்கட்டும், சும்மா விட வேண்டியதில்லை. ஆனால் ஆள் பிடிக்கச் சொன்ன ராணுவம் கதையிலிருந்து நழுவிப் போகிறதே! பட்டியலில் அவருடைய மகனும் இருந்தானா என்று ஒரு வரியாவது கேளுங்கள்.

துப்பறிகிறவர் வந்ததும் வராததுமாக, “அப்புச்சி எப்போ செத்தாருங்க?” என்று கேட்பதும் சரியில்லை. “சயாமுக்குப் போனாருங்க” என்பதோடு பேச்சு நின்றுவிடும். உடலும் இல்லை, தேதியும் இல்லை. ஆத்தா எந்த நாளில் பொட்டை அழிப்பார்? ஏழு வருஷம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவு இருந்தது. காட்டைப் பாகம் பிரிக்கும் பங்காளிக்கு அது போதும், ஆத்தாவுக்குப் போதாது.

பவானி கூடுதுறையில் அமாவாசையன்று அப்புச்சிக்கு முதன்முதலாக எள்ளும் தண்ணீரும் விட்டது எந்த வருஷம் என்று கேட்கட்டும். சேதி வீட்டுக்கு வந்த காலம் அதில் தெரிந்துவிடும். பிறகு பாகப் பத்திரத்தை எடுத்து, தேதியைப் பார்க்கட்டும்.