வாசகர் சொன்ன திருநர் கதைகளைப் பரிந்துரைப்பது எப்படி

“திருநங்கை பத்தி நல்ல கதை இருந்தா சொல்லுங்க” என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு வரி போட்டுப் பாருங்கள். பதில்கள் மளமளவென்று விழும். சினிமாப் பெயர்கள் வரும், கூவாகம் திருவிழாப் படங்கள் வரும், யாரோ எழுதிய கண்ணீர்க் கவிதை வரும். கதை மட்டும் வராது. தவறு கேள்வியில் இருக்கிறது. திருநங்கை, திருநம்பி ஆகிய திருநர் பற்றி வாசகர்கள் சொல்லும் கதைகளைத் திரட்டி, படித்துப் பார்த்து, மலேசியத் தமிழ் வாசகர்களுக்குப் பரிந்துரைக்கும் எங்கள் வழி இது.

வாசகரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள். கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் முதலாவது. எங்கே படித்தார் என்பது இரண்டாவது: புத்தகமா, இதழா, எந்தப் பதிப்பகம், ஏறக்குறைய எந்த ஆண்டு. மனத்தில் நின்ற ஒரு காட்சியைச் சொல்லச் சொல்வது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் சல்லடை. பெயரை மட்டும் கேள்விப்பட்டவர் அங்கே “மிகவும் உருக்கமான படைப்பு” என்று எழுதுவார். படித்தவர் “அம்மா கதவைத் திறக்காம ஜன்னல் கம்பி வழியா சோத்துத் தட்டை நீட்டுவாங்களே, அது” என்று எழுதுவார். இரண்டாமவர் சொன்ன கதையை முதலில் தேடிப் பிடியுங்கள்.

பதிலைக் குழுவிலேயே வாங்காதீர்கள். அங்கே தொலைபேசி எண்ணும் முகப்படமும் எல்லோருக்கும் தெரியும். இந்த விஷயத்தில் ஒரு கதையைப் பரிந்துரைப்பதையே சிலர் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வார்கள், “உனக்கு ஏன் இந்தக் கதை புடிச்சிருக்கு?” என்று அத்தை கேட்கும் ஊர் இது. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வாசகர்கள் நிறைய. ஆண் பெண்வேடமிடுவதைக் குற்றமாக்கும் மாநில ஷரியா சட்டங்கள் அவர்களுக்குப் பொருந்தும் என்பதால், அவர்கள் பெயர் வெளியே வருவது வெறும் வம்புப் பேச்சோடு நிற்காது. ஆகவே கூகல் பாரம் (Google Form என்ற இணையப் படிவம்) போடுங்கள். அமைப்புகளில் மின்னஞ்சல் சேகரிப்பை நிறுத்துங்கள். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்பதையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கணக்கில் நுழைந்தால்தான் பாரம் திறக்கும், அதைப் பார்த்ததுமே பலர் பின்வாங்கிவிடுவார்கள். அட்டைப் படத்தைப் பதிவேற்றச் சொல்லும் கேள்வியும் கணக்கைக் கேட்கும், அது வேண்டவே வேண்டாம். இரண்டு வாரம் திறந்து வைத்தால் போதும்.

வந்ததைப் பிரிக்கும்போதுதான் வேலை கூடும். முதல் சிக்கல், கதையல்லாதவை கதையென்று வந்து சேர்வது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ தன்வரலாறு. அ. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ பல திருநங்கைகளின் வாழ்க்கையை அவர்கள் வாய்மொழியில் தொகுத்த நூல். அவருடைய ‘வெள்ளை மொழி’ அவர் தன் கதை. மூன்றும் படிக்க வேண்டியவைதான். ஆனால் புனைவுப் பட்டியலில் இவற்றைச் சேர்த்தால், ஒருவர் பட்ட அடியை நாவலின் ‘திருப்பம்’ என்று யாராவது பாராட்டும் அவலம் நடக்கும். ‘வாழ்க்கை வரலாறு’ என்று தனித் தலைப்புப் போட்டு அங்கே வையுங்கள். புனைவென்றால் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ போலத் திருநர் அல்லாதவர் எழுதியதும் உண்டு, பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ போலத் திருநங்கை ஒருவரே எழுதிய நாவலும் உண்டு. யார் எழுதியது என்பதைக் குறிப்பில் சொல்லலாம், எழுத்தாளர் தாமே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டும். புனைபெயரில் எழுதுபவரைப் பற்றி ஊகம் வேண்டாம்.

அடுத்த சிக்கல், பொருள் மாறிப் போவது. மாறுவேடம் போட்டுத் தப்பிக்கும் கதாநாயகன் திருநர் கதை ஆகமாட்டான். ஓரினக் காதல் கதையும் இடைப்பால் உடலோடு பிறந்தவரின் கதையும் வேறு. அவற்றுக்கு வேறு பட்டியல் தேவை. அரவான் கதையையும் சிகண்டி கதையையும் திரும்பச் சொல்பவை குவியும். புராணத்தை வைத்து இன்றைய மனிதரைக் காட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள். புராணத்தோடு நின்றுவிட்டால் ஒதுக்குங்கள். திருநம்பி (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்) கதைகள் மிகக் குறைவாகவே வரும். அதற்காகத் தரத்தைத் தளர்த்த வேண்டாம், பாரத்திலேயே “திருநம்பி கதை தெரியுமா?” என்று தனிக் கேள்வி வையுங்கள்.

இனி வாசிப்பு. ஒரு கதையை இருவராவது முழுக்கப் படிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் திருநராக இருந்தால் நல்லது, ஆனால் அவரை இலவசப் பரிசோதகராக்காதீர்கள். வலிக்கிற பக்கங்களைப் படித்துத் தரச் சொல்லிவிட்டு ஒரு தே தாரிக் (தேநீர்) வாங்கிக் கொடுப்பது கூலி ஆகாது. எவ்வளவு தர முடியும் என்று முதலிலேயே சொல்லுங்கள், வேண்டாமென்று மறுக்கவும் இடம் வையுங்கள்.

படிக்கும்போது எதைப் பார்ப்பது? கதை யார் கண் வழியாக ஓடுகிறது என்று பாருங்கள். பேருந்தில் கைதட்டி வருபவரைப் பார்த்து எழுத்தாளர் மனம் திருந்துகிறார் என்றால் அது எழுத்தாளரின் கதை. உடலைப் பற்றிய விவரிப்பு யாருக்காக வருகிறது? நிர்வாணச் சடங்கை (ஆணுறுப்பை நீக்கும் சடங்கு), அறுவையை, துணி மாற்றுவதை வேடிக்கை காட்டுவதற்கென்றே நீட்டியிருந்தால் அந்தக் கதை எத்தனை விருது வாங்கியிருந்தாலும் நாங்கள் ஒதுக்கிவிடுவோம். அந்தப் பாத்திரத்துக்குத் துன்பத்தைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா? தொழில், தோழி, கடன், பிடித்த சாப்பாடு, யாரையாவது கிண்டல் செய்யும் வாய்? ஒன்றுமே இல்லாமல் கடைசிப் பக்கத்தில் தண்டவாளத்துக்குப் போகிறாள் என்றால், அது கருணை வாங்க எழுதிய கதை.

சொற்களில் அவசரப்படாதீர்கள். ‘அலி’, ‘ஒன்பது’, ‘பொட்டை’ என்று கொடுமைக்காரப் பாத்திரம் பேசுவது வேறு, கதைசொல்லியே பேசுவது வேறு. ஆனால் ஆண்டையும் பாருங்கள். ‘வாடாமல்லி’ 1990களில் வந்தது. ‘திருநங்கை’ என்ற சொல் பரவலானது அதற்குப் பிறகு. தமிழ்நாட்டில் 2008இல் தனி நல வாரியம் அமைந்த காலத்தை ஒட்டித்தான் அது அரசு வழக்காகவும் நாளிதழ் வழக்காகவும் ஆனது. அதற்கு முந்திய கதையில் பழைய சொல் இருந்தால் தள்ள வேண்டாம், குறிப்பில் ஒரு வரி போடுங்கள். நேற்று எழுதிய கதையில் கதைசொல்லி அதே சொல்லைச் சொன்னால் அதற்குச் சலுகை இல்லை.

நம் ஊரில் நடக்கும் கதைக்கு இன்னொரு சோதனை உண்டு. சென்னை ஜமாத் (திருநங்கைகள் சேர்ந்து வாழும் குழு) வாழ்க்கையை அப்படியே எடுத்துக் கோலாலம்பூர்ச் செந்தூலில் வைத்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். இங்கே மலாய்த் தோழிகள் திருநங்கையை ‘மாக் ஞா’ என்பார்கள், பேச்சில் மூன்று மொழி கலக்கும், தைப்பூசத்துக்குப் பத்துமலையா தண்ணீர்மலையா என்ற கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் மேலே அடையாள அட்டை. மைகார்டில் 12 இலக்கம்; கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். சேலையும் பூவுமாக கிளினிக் முகப்பில் நிற்பவரின் அட்டையை வாங்கும் ஊழியர் அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் அந்த அரை நொடி தெரிந்த எழுத்தாளருக்கு இந்த ஊர் தெரியும்.

பரிந்துரைக் குறிப்புக்கு வருவோம். ஏறக்குறைய ஐம்பது சொல் போதும். இல்லாத ஒரு கதையை வைத்தே காட்டுகிறோம். முதலில் எழுதக்கூடாத விதம்:

“ஒரு திருநங்கையின் கண்ணீர்க் கதை. சமுதாயம் சிந்திக்க வேண்டும். அனைவரும் அவசியம் படிக்க வேண்டிய படைப்பு.”

இதைப் படித்துவிட்டு யாரும் புத்தகத்தைத் தேட மாட்டார்கள், ஏனென்றால் இதில் கதையே இல்லை. இப்போது இது:

“சிறுகதை, 12 பக்கம். செந்தூல் அடுக்குமாடியில் ரவிக்கை தைக்கும் இந்திராணிக்குத் தீபாவளிக்கு முன் பதினொரு நாள், கையில் நாற்பது ரவிக்கை. தையல் ஊசி விரலில் ஏறி, தடுப்பூசி போட கிளினிக் போகிறாள். வரிசையில் முன்னால் நிற்பவர் பேசாமல் பதினைந்து வருடமான அண்ணன். பேச்சு குறைவு, நகைச்சுவை உண்டு. தையல் வேலை தெரிந்தவர்கள் கூடுதலாக ரசிப்பார்கள். கவனம்: அண்ணன் ஒருமுறை பழைய பெயரைச் சொல்லி அழைக்கிறார். அடிதடி இல்லை.”

வகை, நீளம், இடம், ஆள், சிக்கல், நடை, யாருக்குப் பிடிக்கும், கவனம் எல்லாம் வந்துவிட்டன. பாத்திரத்தின் பழைய பெயரை (பிறந்தபோது வைத்ததை) குறிப்பில் எழுதாதீர்கள், கதையில் இருந்தாலும்கூட. ‘அவன்’ என்று தொடங்கி ‘அவள்’ என்று முடிக்கும் குறிப்புகள் அடிக்கடி வரும், முதல் வரியிலிருந்தே பாத்திரம் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

கவனக்குறிப்பில் அடி, பாலியல் வன்முறை, வீட்டைவிட்டு விரட்டுதல், அறுவை விவரிப்பு, பழைய பெயர், தற்கொலை ஆகியவை இருந்தால் சொல்லுங்கள். முடிவு தற்கொலை என்றால், முடிவை உடைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். இதில் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. சுவை கெடும் என்பார்கள். நள்ளிரவில் தனியாக அதைப் படிக்கப் போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது என்பதே எங்கள் பதில்.

பரிந்துரைத்த வாசகர் பெயரைக் கேட்காமல் போடாதீர்கள். முதலெழுத்தும் ஆபத்து. “கு.செ., பட்டர்வொர்த்” என்று போட்டால் பட்டர்வொர்த்தில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். ‘வாசகர் பரிந்துரை’ என்பதே நிறைவான பெயர். மாதம் ஐந்து கதைக்கு மேல் வெளியிடவும் வேண்டாம். இருபது பெயரைக் கொட்டினால் ஒன்றையும் எடுக்க மாட்டார்கள்.

சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்து வையுங்கள். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி உள்துறை அமைச்சு ஒரு நூலைத் தடை செய்யலாம். தடையான நூலைத் தகுந்த காரணமின்றி வைத்திருந்தால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். விற்றாலோ பரப்பினாலோ மூன்றாண்டு வரை சிறை அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். தமிழ் நூலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட முடியாது, ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவல் 2020 டிசம்பரில் தடையானது. அமைச்சின் தடைப் பட்டியலில் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடுங்கள். பிடிஎஃப் ஆக வருடி (ஸ்கேன் செய்து) அனுப்புவதைப் பரிந்துரையோடு சேர்க்காதீர்கள். அது பதிப்புரிமைக் குற்றம், எழுதியவர் திருநராக இருந்தால் அவருக்கு வரவேண்டிய கொஞ்சக் காசையும் பறிப்பது.

கிடைக்குமிடத்தைச் சொல்லாத பரிந்துரை பாதிப் பரிந்துரை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, பினாங்கு லிட்டில் இந்தியாக் கடைகளை அழைத்து ஐஎஸ்பிஎன் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பெயரை மட்டும் சொன்னால் வேறு புத்தகம் எடுத்து வைத்திருப்பார்கள். அச்சில் இல்லையென்றால் இரவல் ஏற்பாடு செய்யலாம். கொடுக்கும்போது பழைய நாளிதழால் அட்டை போட்டுக் கொடுங்கள், முகப்பு வீட்டாருக்குத் தெரிய வேண்டியதில்லை. இரவல் ஏட்டில் புத்தகத்துக்கு ஓர் எண் மட்டும், வாங்கியவருக்கு அவரே வைத்துக்கொண்ட ஒரு பெயர் மட்டும்.