டைவிங் விடுமுறை: முதலில் காலண்டர், அப்புறம் ஊர்

ஸ்கூபா டைவிங்குக்கு எந்த ஊர் நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "லீவு எந்த மாதம்?" அது தெரியாமல் ஊர் பெயரைச் சொல்வதில் அர்த்தமில்லை.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மேற்கு, தெற்குக் கரைகள் அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, ஹிக்கடுவை பக்கம் போகலாம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பியதும் அந்தக் கடல் கொந்தளிக்கும். அதே நேரத்தில் கிழக்கே திருகோணமலைப் பக்கம் தண்ணீர் தெளிந்திருக்கும், செப்டம்பர் வரை கவலையில்லை. பிள்ளைகளின் மே மாத விடுமுறைக்கு அங்குள்ள நிலாவெளியும் புறாத்தீவும் சரியாகப் பொருந்தும். கிறிஸ்துமஸ் லீவில் அதே நிலாவெளிக்கு அறை போட்டால் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த லீவுக்கு ஹிக்கடுவை அல்லது அந்தமான். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அரசாங்கமே மூடிவிடுகிறது, விசாரிக்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

அடுத்தது உங்கள் கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது என்பது. ஓபன் வாட்டர் என்ற அடிப்படைப் பயிற்சி முடித்தவர்களுக்கு 18 மீட்டர் ஆழம் வரை, அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு என்றால் 30 மீட்டர். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே கிடக்கிறது. படத்தைப் பார்த்தால் ஆசை வரும்தான். ஆனால் அது 50 மீட்டருக்கும் கீழே. அவ்வளவு ஆழத்துக்கென்று தனியாகத் தரும் டெக்னிக்கல் பயிற்சி இல்லாதவர்களுக்கு அது இல்லை. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டரில் இருக்கிறது, அட்வான்ஸ்டு முடித்தவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம். மாலத்தீவுக்கு ஆசைப்படும் புதியவர்களுக்கு இரண்டு விஷயம். தீவுகளுக்கு இடையிலான கால்வாய்களில் நீரோட்டம் பலமாக இருக்கும். மாண்டா திருக்கைகள் கூடும் ஹனிஃபாரு வளைகுடாவில் சிலிண்டரோடு இறங்கவே அனுமதியில்லை, மேலே மிதந்தபடி குழாய் வழியே மூச்சுவிடும் ஸ்நார்க்கெல் மட்டும்தான்.

எனக்குப் படகில் குமட்டும். அதனால் வாரக்கணக்கில் படகிலேயே தங்கும் பயணங்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் என் பட்டியலில் வராது. அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவின் நீமோ ரீஃப் என்ற பவளப்பாறைத் திட்டில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி.

ஊர் முடிவானதும் டைவ் சென்டருக்கு போன் செய்வேன். ஒரு பயிற்றுநரோடு எத்தனை பேர் இறங்குவார்கள்? படகில் ஆக்சிஜன் இருக்குமா? டைவிங்கால் உடம்பில் காற்றுக் குமிழ் உண்டானால் சிகிச்சை தரும் அழுத்த அறை, அதாவது ரீகம்ப்ரஷன் சேம்பர், பக்கத்தில் எங்கே? கண்ணாடி போடுபவள் என்பதால் பவர் மாஸ்க் இருக்கிறதா என்றும் கேட்பேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்று பதில் வந்தால் அடுத்த நம்பர். மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். ஆஸ்துமா, காதில் அறுவை சிகிச்சை மாதிரி ஏதாவது இருந்தால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள், அதை ஊரிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. பயணக் காப்பீட்டில் டைவிங் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை என்பதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கடைசி நாளில் டைவ் வைக்காதீர்கள். டைவ் செய்தபின் உடம்பில் தங்கியிருக்கும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழாகிவிடலாம். பல டைவ்கள் செய்திருந்தால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், நான் ஒரு முழு நாள் விட்டுவிடுவேன். இலங்கைப் பயணத்தில் பலர் கோட்டைவிடுவது மலையைத்தான். காலையில் திருகோணமலையில் டைவ், சாயங்காலம் 1,800 மீட்டருக்கு மேலே உள்ள நுவரெலியாவில் டீ என்று திட்டம் போடுவார்கள். உடம்புக்கு அதுவும் விமானம் ஏறுவது மாதிரிதான். மலையை முதலில் முடித்துக்கொண்டு அப்புறம் கடலுக்கு இறங்குங்கள்.