மண்டப வாசல்ல இருந்து மேடை வரைக்கும்: நம்மூர் ரிசப்ஷன் என்ட்ரிக்கு என்னெல்லாம் பண்ணலாம்

எங்க வீட்டுல நான்தான் மூத்த பேத்தி, ஊரு திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவி பக்கம். சித்தப்பா மக, அத்தை மவன், கூடப்பொறந்த தங்கச்சினு இதுவரைக்கும் அஞ்சு கல்யாணத்துக்கு ரிசப்ஷன் என்ட்ரி வேலை என் பொறுப்புலதான் நடந்துருக்கு. இப்பல்லாம் சொந்தத்துல யாரு வீட்டுல பத்திரிகை அடிச்சாலும் "ஏட்டி, என்ட்ரிக்கு என்ன செய்யலாம்"னு போன் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடுதேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். என்ட்ரினா மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும் நடந்து வாரது இல்ல, அவங்களுக்கு முன்னாடி யாரு வாரா, கூட யாரு வாராங்குறதுதான் பாதி அழகு. ரெண்டு வீட்டு ஆளுகளும் அன்னைக்குதான் மொத தடவை ஒண்ணா நடக்காவ. ஐடியா யோசிக்கும்போது கடைசி வரிசை நாற்காலியில உக்காந்துருக்க ஆச்சிக்கு இது தெரியுமா, புரியுமானு பாருங்க. வீடியோ எடுக்கிறவங்க பொண்ணு மாப்பிள்ளைக்கு நேர் முன்னாடி பின்பக்கமா நடந்துக்கிட்டே போவாவ, கூடவே லைட் புடிக்கிற பையன், ஃபோட்டோகிராபர்னு நாலு பேரு, உக்காந்துருக்கவங்களுக்கு அந்த நாலு பேரு முதுகுதான் தெரியும். அதனால ரெண்டு நாள் முன்னாடியே பேசிடுங்க, ஒரு கேமரா மேடையில, ஒண்ணு ஓரத்துல, நடைபாதைக்குள்ள யாரும் வரக்கூடாதுனு.

அப்புறம் ஹாலை அளக்கணும். இதை யாருமே செய்யதில்ல, ஆனா எல்லாமே இதுலதான் இருக்கு. வாசல்ல இருந்து மேடைப்படி வரைக்கும் எத்தனை அடினு டேப் வச்சோ காலாலயோ அளந்துருங்க. நூறு அடி ஹால்னு வைங்க, பட்டுப்புடவை கட்டி கழுத்துல மாலையோட பைய நடந்தா ஒண்ணரை நிமிஷம் ஆவும். அதுக்கு முன்னாடி நாலு ஜோடி வராவனா பதினஞ்சு செகண்ட் இடைவெளி விட்டு ஒவ்வொரு ஜோடியா அனுப்பணும், கடைசி ஜோடி மேடையை தொடும்போது ரெண்டேகால் நிமிஷம் ஆயிருக்கும், உடனே பாட்டு மாறி பொண்ணு மாப்பிள்ளை கெளம்புனா மொத்தமே நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும். நாலு நிமிஷம் போதும், அதுக்கு மேல போனா ஆளுக டைனிங் ஹால் பக்கம் எந்திரிச்சு போவ ஆரம்பிச்சிடுவாவ, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, களக்காடு அம்பைனு வீடு திரும்ப பஸ் புடிக்க வேண்டியவங்க இருப்பாவ. ஆறரைக்கு என்ட்ரினு முடிவு பண்ணுனா ஆறரைக்கு நடத்துங்க. நடைபாதை ஆறடி அகலமாவது இருக்கணும், இல்லனா லெஹங்கா போட்ட பொண்ணும் பக்கத்துல மாப்பிள்ளையும் சேந்து நடக்கும்போது பாவாடை நாற்காலி காலுல மாட்டும்.

பாட்டு விசயத்துக்கு வாரேன். முழு பாட்டையும் போட்டு நடுவுல நிறுத்தாதீங்க. யார்ட்டயாவது குடுத்து உங்க நாலு நிமிஷத்துக்கு ஏத்த மாதிரி வெட்டி ஒட்டி ஒரே ஃபைலா வாங்கிக்கோங்க, ரெண்டு பென்டிரைவ்ல போட்டு ஒண்ணை சவுண்ட் காரர்ட்டயும் இன்னொண்ணை உங்க கைப்பையிலயும் வைங்க. ப்ளூடூத்ல போன் கனெக்ட் பண்ணி ஓட்டாதீங்க, நடுவுல ஒரு கால் வந்தா ரிங்டோன் ஹால் பூரா கேக்கும்.

என் தங்கச்சி ரிசப்ஷன்ல நடந்ததை சொல்லுதேன். அவ பாதி தூரம் வந்துருப்பா, கரண்ட் போச்சு. ஜெனரேட்டருக்கு மாற பத்து செகண்ட்தான் ஆயிருக்கும், ஆனா மிக்சர் திரும்ப ஆன் ஆயி பாட்டு வரணும்ல, அந்த மண்டபத்து சவுண்ட்ல அதுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆயிடுச்சு. ஐநூறு பேரு பாத்துக்கிட்டு இருக்காவ, அவ நடுவுல நிக்கா, கையில இருக்க பூச்செண்டு நடுங்குது, எனக்கு அழுகையே வந்துடுச்சு. காலையில முகூர்த்தத்துக்கு வாசிச்ச நாதஸ்வரக்காரர் அண்ணாச்சி சாப்பிட்டு கெளம்பலாம்னு மேடை ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாவ. யாரும் சொல்லல, அவுகளே உறையில இருந்து நாயனத்தை எடுத்து சீவாளியை ஒருதரம் வாயில ஈரமாக்கி வாசிக்க ஆரம்பிச்சிட்டாவ, தவில்காரரும் ஓடி வந்து சேந்துக்கிட்டாவ. தங்கச்சி நிமிந்து பாத்தா, மாப்பிள்ளை கையை புடிச்சா, நடந்தா. அன்னைக்கு ஹால்ல தட்டுன கைத்தட்டல் மாதிரி நான் எங்கயும் கேக்கல. அதுக்கப்புறம் நான் பாத்த ஒவ்வொரு கல்யாணத்துலயும் கரண்ட் தேவைப்படாத ஒரு வாத்தியத்தை என்ட்ரியில கண்டிப்பா வைக்கேன்.

அதனால மொத ஐடியாவே நாதஸ்வரம்தான். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பொறந்து வளந்த மண்ணு இது, 1964ல அவுக போயிட்டாவ, ஆனா எங்க தாத்தா சின்னப் பையனா இருந்தப்ப கேட்ட கச்சேரியை இன்னைக்கும் சொல்லுவாவ. காலையில மேளத்துக்கு பேசும்போதே சாயங்காலம் ஒரு பத்து நிமிஷமும் சேத்து பேசிடுங்க, அதுக்கு தனியா பணமும் குடுத்துடுங்க. பொண்ணு மாப்பிள்ளைக்கு அஞ்சடி முன்னால அவங்க வாசிச்சுக்கிட்டே நடக்கணும், அவங்க நடையை பாத்து இவங்க நடந்தா போதும், தனியா ரிகர்சலே வேண்டாம். என்ன வாசிக்கணும்னு அவங்ககிட்டயே விட்டுடுங்க, மல்லாரி வேணும்னு மட்டும் கேக்காதீங்க, அது கோயில்ல சாமி பொறப்பாட்டுக்கு வாசிக்கிறது. நையாண்டி மேளம் வைக்கணும்னு ஆசைனா உறுமி பம்பையோட மண்டப வாசல் வரைக்கும் வரட்டும், கதவுகிட்ட நிப்பாட்டிடணும். செங்கோட்டை தாண்டி வந்து இப்ப நம்ம பக்கம் எல்லா கல்யாணத்துலயும் செண்டை மேளமும் வருது, கேக்க கம்பீரமா இருக்கு, மூடுன ஹாலுக்குள்ள மட்டும் வேண்டாம், கைக்குழந்தைக வீறிட்டு அழும், வயசானவங்க காதை பொத்திக்கிடுவாவ.

ரெண்டாவது எனக்கு ரொம்ப புடிச்சது, பாய்த் திரை. பத்தமடையில பொண்ணு மாப்பிள்ளை பேரும் கல்யாணத் தேதியும் போட்டு கோரைப்புல்லுல பாய் நெய்து குடுப்பாவ, நம்ம பக்கம் சீர்ல அது வைக்கதும் உண்டு. சீர்த்தட்டோட சுருட்டி ஓரமா வச்சு யாருமே விரிச்சு பாக்காம போயிடுதே, அதை என்ட்ரிக்கு எடுத்துருங்க. வாசல்ல ரெண்டு கொழுந்தன்மார் அந்த பாயை நெடுக்கா, ஆள் உயரத்துக்கு விரிச்சு புடிச்சுக்கணும், பின்னாடி பொண்ணு மாப்பிள்ளை நிக்கணும், லைட் பாய் மேல மட்டும் விழணும். எல்லாரும் பேரை வாசிச்சு முடிச்சதும் மேல இருந்து பைய சுருட்டிக்கிட்டே கீழ எறக்குனா மொதல்ல நெத்திச்சுட்டி தெரியும், அப்புறம் கண்ணு, அப்புறம் சிரிப்பு. தடவிப் பாத்தா பட்டுத்துணி மாதிரி இருக்க சன்னமான பாய் நெய்ய நாள் புடிக்கும், அதனால ரெண்டு மூணு மாசம் முன்னாடியே நேர்ல போயி சொல்லிடுங்க, பேருக்கு எழுத்து சரியானு ஒரு பேப்பர்ல எழுதி குடுத்துட்டு வாங்க. ஒண்ணு மறக்காதீங்க, அந்த பாயை யாரும் செருப்புக்காலோட மிதிக்கக்கூடாது, சுருட்டுன கையோட அத்தையோ பெரியம்மாவோ வாங்கி மேடையில வச்சிடணும்.

ஆச்சி பொடவை இருக்கா வீட்டுல? பழைய கூறைப்பட்டு எதாவது பெட்டியில இருக்கும். அதை நாலு மூங்கில் கம்புல கட்டி பந்தல் மாதிரி நாலு பேரு புடிச்சுக்கிட்டு வர, அடியில பொண்ணு நடந்து வரலாம். கம்பு ஏழடியாவது வேணும், கொண்டை மேல பூ வச்சுருப்பாள்ல. நாலு பேருல ரெண்டு பேரு மாப்பிள்ளை வீட்டு ஆளா இருக்கட்டும். சித்தப்பா மக கல்யாணத்துல இதை பண்ணுனோம், எங்க ஆச்சி இல்ல இப்ப, அந்த அரக்கு பொடவை ஹாலுக்குள்ள வந்ததும் எங்க அப்பா எந்திரிச்சு நின்னுட்டாவ. பட்டு பழசுனா சரிகை ஓரமா கிழியும், அதனால பொடவையை இழுத்து கட்டாம, அடியில ஒரு காட்டன் துணி கொடுத்து நாலு மூலையிலயும் லேசா கட்டுங்க.

சின்னப் புள்ளைகளை என்ட்ரியில விடணும்னா கையில பூக்கூடை குடுக்கதுக்கு பதிலா ஓலைக் காத்தாடி குடுத்து பாருங்க. பனை ஓலையில செய்யது, திருச்செந்தூர் மணப்பாடு பக்கம் ஓலை வேலை செய்யவங்க இருக்காவ, வீட்டுல தாத்தாவுக்கே கூட செய்ய தெரிஞ்சிருக்கும். ஓடுனாதான் காத்தாடி சுத்தும், புள்ளைகளுக்கு அது தெரியும், சொல்லிக் குடுக்கவே வேண்டாம். பைய நடனு புள்ளைககிட்ட சொல்லி கஷ்டப்படாம ஓட விட்டுடுங்க, பத்து புள்ளைக காத்தாடியோட சிரிச்சுக்கிட்டு ஓடி வந்தா அதைவிட ஒரு ஓபனிங் கெடையாது.

தாய்மாமனை மறந்துடாதீங்க. முகூர்த்தத்துக்கு சீர் கொண்டு வந்து மாலை போட்டு எல்லாம் செய்யது மாமா, சாயங்காலம் ஆனா எங்கயோ ஓரத்துல பாயாசம் போதுமானு பாத்துக்கிட்டு நிப்பாவ. பொண்ணு ஒரு கையில மாமாவையும் ஒரு கையில அப்பாவையும் புடிச்சுக்கிட்டு பாதி தூரம் வரட்டும், நடுவுல மாப்பிள்ளை வந்து கூட்டிக்கிட்டு போவட்டும். பாளையங்கோட்டை பக்கம் சர்ச் கல்யாணத்துல அப்பா கைபுடிச்சு வாரதும் தோழிமார் ஒரே கலர் பொடவையில முன்னால வாரதும் ரொம்ப காலமா உண்டு, அதை பாத்து நம்மளும் கொஞ்சம் எடுத்துக்கிடலாம், முக்கியமா அவங்க நடையில இருக்க நிதானத்தை.

கசின்ஸ் டான்ஸ் ஆடி வரணும்னா முழு டான்ஸ் வேண்டாம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு ஸ்டெப், எட்டு எண்ணிக்கை, அவ்வளவுதான், மிச்சம் சாதாரணமா நடந்துடுங்க. மொட்டை மாடியில மூணு நாள் சாயங்காலம் பழகுனா போதும், கடைசி நாள் கண்டிப்பா பொடவையும் செருப்பும் போட்டு பழகுங்க, நைட்டியில வந்த ஸ்டெப் பட்டுப்பொடவையில வராது. கூச்சப்படுத புள்ளைய வற்புறுத்தாதீங்க, அவகிட்ட ஆரத்தி தட்டை குடுங்க, அழகா நடந்து வருவா. சிலம்பம் தெரிஞ்ச பையன் வீட்டுல இருந்தா வாசலுக்கு வெளிய, சுத்தி பன்னெண்டு அடிக்கு ஆள் இல்லாம, சுத்த விடுங்க. உள்ள சீரியல் லைட், ஃபேன் எல்லாம் இருக்கு.

புகை, பொறி, பூ இந்த மூணுலதான் ஜாக்கிரதையா இருக்கணும். தரையோட மேகம் மாதிரி போவுதே அது ட்ரை ஐஸ், கார்பன் டை ஆக்சைடு ஒறைஞ்சது, மைனஸ் 78 டிகிரி குளிரு, வெறுங்கையில தொட்டா தோல் புண்ணாயிடும். அந்த வாயு காத்தைவிட கனம், கீழயே தங்கும், ஏசி போட்டு கதவு மூடுன ஹால்ல ரொம்ப நேரம் விட்டா கீழ நிக்கிற சின்னப் புள்ளைகளுக்குதான் மொதல்ல மூச்சு முட்டும். ஒரு நிமிஷம் விட்டுட்டு கதவை தொறந்துடுங்க. இன்னொண்ணு, மேடைகிட்ட பெடஸ்டல் ஃபேன் ஓடுனா புகை நிக்காது, எல்லாம் முன்வரிசை மூஞ்சிக்குதான் போவும், அதனால அந்த நாலு நிமிஷம் ஃபேனை நிப்பாட்ட ஒரு ஆளை வைங்க. கோல்டு பைரோனு சொல்லுத பூவாணம் பேருலதான் குளிர்ச்சி, நெட் துணியில பொறி விழுந்தா ஓட்டை போடும், நடைபாதையில இருந்து பத்தடி தள்ளி வைங்க, புள்ளைக ஓடி முடிச்சப்புறம் போடுங்க.

பூவுக்கு என் யோசனை, ரோஜா இதழை தரையில கொட்டாதீங்க. கிரானைட் தரையில நசுங்குன இதழ் எண்ணெய் கொட்டுன மாதிரி வழுக்கும், ஹீல்ஸ் போட்டுருந்தா கேக்கவே வேண்டாம். மேல இருந்து தூவணும்னா கேந்தி, அதான் செண்டுமல்லி, அந்த இதழ் காய்ஞ்சாப்புல இருக்கும், அது தேவலை, அதையும் கார்ப்பெட் விரிச்சுருந்தா மட்டும் போடுங்க, கார்ப்பெட் ஓரத்தை டேப் போட்டு ஒட்டிடுங்க. இதைவிட நல்லது, நடைபாதை ரெண்டு பக்கமும் உக்காந்துருக்க பொம்பளையாளுக கையில ஆளுக்கொரு கை பிச்சிப்பூ குடுத்துடுங்க. தோவாளையில இருந்து வாரது காலையிலயே மொட்டா வாங்கி ஈரத்துணியில சுத்தி வச்சுட்டா சாயங்காலம் விரியும், பொண்ணு வரும்போது அவங்க தூவ தூவ ஹாலு பூரா மணக்கும். உக்காந்துருக்கவங்களுக்கும் அதுல ஒரு பங்கு கெடைக்கும்.

மைக்ல பேரு சொல்லி கூப்பிடுததா இருந்தா லிஸ்ட்டை நீங்களே எழுதாதீங்க. அம்மாகிட்டயும் மாப்பிள்ளையோட அம்மாகிட்டயும் தனித்தனியா குடுத்து திருத்தி வாங்குங்க. ஒரு பெரியப்பா பேரு விட்டுப்போச்சுனா அடுத்த விசேஷம் வரைக்கும் அந்த வீட்டுல பேச மாட்டாவ. பேருக்கு முன்னால உறவை சொல்லணும், "மாப்பிள்ளையோட மூத்த மதினி"னு சொன்னாதான் அந்தப் பக்கத்து ஆளுகளுக்கும் யாருனு தெரியும். மைக் புடிக்கிறவரு வெளியூர்க்காரரா இருந்தா பேருகளை ஒருதரம் வாய்விட்டு வாசிக்க சொல்லி கேட்டுக்கோங்க.

வெளிய தொறந்தவெளியில வைக்கிறவங்க ரெண்டு விசயம் பாத்துக்கோங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல காலையில ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி போடக்கூடாது, 2000ல இருந்து இருக்க சட்டம் அது. தென்காசி பக்கம் ஆனி, ஆவணி மாசத்துல காத்து பலமா அடிக்கும், துணி அலங்காரம், வளைவு எல்லாத்துக்கும் கால்ல மணல் மூட்டை கட்டுங்க. மாட்டு வண்டியில வரணும்னா வெடி போடவே கூடாது, மாடு மெரண்டா நிப்பாட்ட முடியாது, வண்டிக்காரரு கூட இன்னொரு ஆளு மூக்கணாங்கயித்தை புடிச்சுக்கிட்டு நடந்தே வரணும்.

மேடை ஏறுனதும் உடனே ஃபோட்டோவுக்கு நிக்க விடாதீங்க. ஒரு ஆளு கையில சின்ன துண்டும் தண்ணி பாட்டிலும் வச்சுக்கிட்டு மேடைக்குப் பின்னால தயாரா நிக்கணும், வேர்வையை ஒத்தி எடுத்துட்டு ரெண்டு வாய் குடிச்சப்புறம் ஆரம்பிக்கட்டும். நாதஸ்வர அண்ணாச்சிக்கும் தவில்காரருக்கும் பொண்ணு மாப்பிள்ளை கையாலயே மேடையில வச்சு வெத்தலை பாக்கு தட்டுல பணத்தை வச்சு குடுக்க சொல்லுங்க. காத்தாடி புடிச்ச புள்ளைக சாயங்காலத்துல இருந்து ஒண்ணும் சாப்பிட்டுருக்காது, அதுகளுக்கு மொத பந்தியில எலை போட சொல்லி சமையக்காரர்ட்ட முன்னாடியே சொல்லி வைங்க.