அம்மம்மா வீட்டு முற்றத்தில் ஒரு பிறந்தநாள்

வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறை ஆடி, ஆவணியில் வருவதால், அந்த மாதங்களில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் ஊரிலேயே வந்துவிடும். “ஹோல் ஒண்டும் எடுக்க வேண்டாம், இவ்வளவு பெரிய வளவு சும்மா கிடக்குது” என்று அம்மம்மா முடிவெடுத்தும் விடுவா. அவ சொல்வது சரிதான். ஆனால் கனடாவில், ஸ்காபரோவில் பின்வளவில் செய்ததை அப்படியே யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்குக் கொண்டுபோக முடியாது. போனமுறை கொண்டுபோய் நான் நல்லாகவே மாட்டுப்பட்டேன்.

முதலில் நாள் பாருங்கள். சாத்திரத்துக்காக அல்ல, சாப்பாட்டுக்காக. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறினால் 25 நாள் திருவிழா. அவ்வளவு நாளும் பல வீடுகளில் மச்சச் சட்டி அடுப்பேறாது. கேக்கில் முட்டை இருந்தாலும் தொடமாட்டார்கள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டு “எனக்கு வேண்டாம் பிள்ளை” என்று தட்டைத் திருப்பித் தரும்போதுதான் எனக்கே விளங்கியது. ஆகவே கொடிக்காலம் என்றால் முட்டை போடாத கேக், மரக்கறி றோல்ஸ். மற்ற நாளிலும் செவ்வாய், வெள்ளியைத் தவிர்த்துவிட்டால் பாதித் தலையிடி குறையும். இன்னொன்று: அயலில் செத்தவீடு நடந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியாவிட்டால், அந்த வீட்டு ஆட்கள் கொண்டாட்டத்துக்கு வரமாட்டார்கள். பக்கத்து வீடு என்றால் பாட்டுப்பெட்டியை நீங்களாகவே நிறுத்திவிடுவதுதான் மரியாதை.

அடுத்தது வெளிச்சம். ரொறன்ரோவில் ஆடி மாதம் ஒன்பது மணிவரை பிள்ளைகள் வெளியில் ஓடும். யாழ்ப்பாணத்தில் ஆறரையோடு இருட்டத் தொடங்கிவிடும். மூன்று மணிக்கோ முற்றத்தில் கால் வைக்க முடியாது, மணல் சுடும். எனவே விளையாட்டுக்கு உங்களிடம் இருப்பது நாலரை முதல் ஆறேகால் வரைதான். நாலரைக்கு ஆட்கள் வரவேண்டுமென்றால் “நாலு மணி” என்று சொல்லுங்கள். கேக் வெட்டுவதை இருட்டின பிறகு வைக்கலாம், விளையாட்டை வைக்க முடியாது.

இனிக் காற்று. இது சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று வீசுகிற காலம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் கடதாசித் தட்டு எம்மாத்திரம்? நாங்கள் இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டுக் கட்டிய பலூன் வளைவு பத்து நிமிடத்தில் வேலிக்கரையில் கிடந்தது. அதில் பாதியைப் பக்கத்து வீட்டு ஆடு மணந்து பார்க்கத் தொடங்க, கேக்கை விட்டுவிட்டு ஆட்டைக் கலைக்க ஓடினோம். பலூன் துண்டு ஆட்டின் வயிற்றுக்குள் போனால் பிறகு பெரிய வில்லங்கம். மெழுகுதிரியும் நிற்கவில்லை. ஏழு திரி கொளுத்தினால் ஏழாவதுக்குப் போகுமுன் முதலாவது அணைந்துவிடும். கடைசியில் மாமா இரண்டு பேரை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லித்தான் காரியம் முடிந்தது. கேக் மேசையை விறாந்தைக்குள்ளே, தென்மேற்குப் பக்கம் சுவர் மறைக்கிற இடத்தில் போடுங்கள். பட்டர் ஐசிங் அந்த வெக்கையில் வழியும், வெட்டுகிற நேரம்வரை குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கட்டும். திரியை ஊதி அணைப்பது அம்மம்மாவுக்குப் பிடிக்காதென்றால் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுக் கேக்கை வெட்டலாம். பிள்ளையின் நட்சத்திரத்துக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனையும் செய்துவிட்டால் அவவுக்கு மனம் நிறைந்துவிடும்.

முந்தின நாள் வளவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கிணறுதான் முதல். கட்டு இருக்கிறது என்று நம்பி விடாதீர்கள். கிணற்றைக் கண்டிராத பிள்ளைக்கு எட்டிப் பார்க்கத்தான் ஆசை வரும், ஏறுவதற்கு வாளி ஒன்று கவிழ்ந்து கிடந்தால் போதும். மேலே வலையோ பலகையோ போட்டு, கிணற்றடியில் ஒரு பெரியவரைக் கதிரை போட்டு இருத்திவிடுங்கள். தென்னையில் முற்றின காய் இருந்தால் ஆள் பிடித்துப் பறிப்பியுங்கள், பந்தலை மரத்துக்குக் கீழே போட விடாதீர்கள். நெருஞ்சி முள்ளை ஊர்ப் பிள்ளைகள் பார்த்து மிதிப்பார்கள், உங்களுடையவர்கள் மிதித்த பிறகு பார்ப்பார்கள். விளையாடும் இடத்தைக் கூட்டுமாற்றால் நன்றாகக் கூட்டச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீரைச் சிரட்டை, பூச்சாடித் தட்டுவரை கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பு வளர அவ்வளவு தண்ணீர் போதும்.

கனடாவில் இருந்து குமிழி ஊதும் இயந்திரம் கொண்டுபோகிறீர்களா? அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, ஊரில் சுவரில் 230. மாற்றிக் கட்டை (அடப்டர்) செருகினால் மட்டும் போதாது, புகைதான் வரும். பற்றரியில் ஓடுவதைக் கொண்டுபோங்கள். கரண்ட் போனாலும் சமாளிக்க இரண்டு சார்ஜ் லைற் வையுங்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதும் இருண்ட கதை தெரியும்தானே.

ஆட்களைக் கூப்பிடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாட்ஸ்அப்பில் அட்டை அனுப்பினால் “எங்களை முறையாச் சொல்லேல்லை” என்ற பேச்சு வரும். நெருங்கிய வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். வருவோமா மாட்டோமா என்று யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். 40 பேர் என்று கணக்குப் போட்டால் 60 பேருக்குச் சமையுங்கள், 60 கதிரை வாடகைக்கு எடுங்கள். ஒழுங்கைப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். அவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற பிறந்தநாள் எனக்கு ஒருபோதும் பிடிப்பதில்லை. “பரிசு ஒண்டும் வேண்டாம், பிள்ளையை அனுப்புங்கோ” என்று தாய்மாருக்கு முதலே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வெறுங்கையோடு அனுப்பக் கூச்சப்பட்டு மறித்துவிடுவார்கள். வந்த பரிசை எல்லாருக்கும் முன்னால் பிரிக்கிற பழக்கத்தையும் கனடாவிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

விளையாட்டுக்கு மந்திரவித்தைக்காரர், துள்ளுகிற காற்றுவீடு எல்லாம் தேவையில்லை. உங்கள் பிள்ளைக்குத் தமிழ் தட்டுத்தடுமாறும், அயல் பிள்ளைக்கு ஆங்கிலம் பேச வெட்கம். பேச்சில்லாமல் விளையாடுகிறதாகப் பாருங்கள். சங்கீதக் கதிரை, தேசிக்காயும் கரண்டியும், கயிறிழுத்தல். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் வென்றது முட்டி உடைத்தல்தான். மண்முட்டிக்குள் ரொபியும் மஞ்சள் தண்ணீரும். கண்ணைக் கட்டிவிட்டு மகள் பொல்லோடு நடக்க, “இடப்பக்கம்! இல்லை, வலப்பக்கம்!” என்று பதினைந்து குரல். அன்றைக்குத்தான் அவளுக்கு இடமும் வலமும் தமிழில் பாடமானது. முட்டியை உயரக் கட்டுங்கள், கயிற்றை மாமா ஒருவர் ஏற்றி இறக்கட்டும், மற்றப் பிள்ளைகள் பொல்லு எட்டாத தூரத்தில் நிற்க ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஓடு சிதறும், அந்த நேரம் எல்லார் காலிலும் செருப்பு இருக்கவேண்டும்.

சாப்பாடு சுலபம். மாலைக்கு றோல்ஸ், வடை, கேசரி. இரவுக்குக் கொத்துறொட்டி போடுகிறவரைக் கல்லோடு வளவுக்கே கூப்பிடலாம், அந்தச் சத்தமே பாதிக் கொண்டாட்டம். தண்ணீர் மட்டும் போத்தலில் வாங்குங்கள், சர்பத்துக்குள் வெளி ஐஸ்கட்டி போட வேண்டாம். இரண்டு நாளில் விமானம் ஏறவேண்டிய வயிறுகள் உங்களோடு இருக்கின்றன. மிஞ்சினதை அன்றிரவே பார்சல் கட்டி ஒழுங்கை வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

மறுநாள் காலை பந்தல்காரர் வந்து கதிரை எண்ணும்போது நீங்களும் நின்று எண்ணுங்கள். எங்கள் கணக்கில் இரண்டு குறைந்தது. ஒன்று கிணற்றடியில். மற்றது பக்கத்து வீட்டுத் தாத்தா இருந்தபடியே தூக்கிக்கொண்டு போயிருந்தார்.